ஒரு வெள்ளைத்தாளும் கொடுங்கள்

வடசென்னையில் இருக்கும் கலை அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், துறைத் தலைவர்களுக்கும், இன்டர்னல் தேர்வுப் பொறுப்பைப் பார்க்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

வண்ணாரப்பேட்டைக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பதினான்கு வருடம் ஆகிறது. என் மகள் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வருகைப்பதிவு, அசைன்மென்ட், இன்டர்னல் தேர்வு எல்லாம் எப்படி ஒவ்வொன்றாக ஆப்புக்குள் போயின என்று உங்களுக்கே தெரியும், அதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த ஆப்களைச் சுமக்கிற போன்கள் பழுதானால் வந்து சேருகிற இடம் என் மேஜை. அங்கே நான் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் வியாழக்கிழமை, மணி பதினொன்றே முக்கால் இருக்கும். ஒரு பெண் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை. "அண்ணா, சார்ஜே ஏறல. பன்னெண்டு மணிக்கு டெஸ்ட்" என்று போனை நீட்டினாள். 12 மணிக்குத் திறந்து 12.30க்கு மூடிவிடும் தேர்வு. வகுப்பில் இருந்தும் எழுதலாம், வீட்டில் இருந்தும் எழுதலாம், போன் இருந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தேன். சார்ஜிங் பின் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. உப்புத்தண்ணீர் தொடர்ந்து பட்டால் அப்படி ஆகும். ஸ்பீக்கர் வலையில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. ட்வீசரால் எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு அவள், "அம்மா போன்ணா" என்றாள்.

அவளுடைய அம்மா விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து வந்து தெருவோரம் உட்கார்ந்து விற்கிறவர். வீட்டுக்கு இருப்பது அந்த ஒரு போன்தான். இப்போது யார் சில்லறை எடுத்து வருகிறார்கள்? வாங்க வருகிறவர் எல்லாரும் க்யூஆர் அட்டையில் ஸ்கேன் செய்துவிட்டு, "போட்டாச்சு பாருங்க" என்கிறார்கள். பார்ப்பதற்கு அந்த அம்மா கையில் போன் இல்லை. காலை 9 மணிக்கு ஆப்பில் வருகை போட வேண்டும் என்பதால் மகள் எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். பணம் வந்ததா என்று மாலையில் மகள் வந்து பார்த்துச் சொன்னால்தான் தெரியும். வராத பணமும் உண்டாம். அதை அந்தப் பெண் என்னிடம் ஒரு புகாராகச் சொல்லவில்லை. நான் கேட்டதற்குப் பதிலாக, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அந்த மாடலுக்கு சார்ஜிங் பின் இருக்கும் சின்ன போர்டை, சப் போர்டு என்போம், அதையே மாற்ற வேண்டும். என்னிடம் ஸ்டாக் இல்லை. உதிரி பாகம் விற்கும் ரிச்சி தெருவிலிருந்து வர வேண்டும். சரி, இப்போதைக்குக் கொஞ்சமாவது உயிர் கொடுப்போம் என்று கிளீனர் விட்டு பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தேன். அதற்குள் மணி பன்னிரண்டு. என் போனை எடுத்து அவளிடம் கொடுத்து, "இதுல போட்டு எழுதும்மா" என்றேன். ஆப்பை இறக்கி, ரோல் நம்பர் போட்டு, பாஸ்வேர்டும் போட்டாள். இந்தக் கணக்கு வேறு ஒரு கருவியில் பதிவாகியிருக்கிறது, நிர்வாகியை அணுகவும் என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றது.

ஒருவருக்காக இன்னொருவர் வருகை போடக் கூடாது என்பதற்காகத்தான் ஒரு ஐடிக்கு ஒரு போன் என்று வைத்திருப்பார்கள். அது எனக்குப் புரிகிறது. அதை மாற்ற வேண்டுமானால் கல்லூரி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் ஆப் கம்பெனிக்குச் சொல்லி, அங்கே மாற்றித் தர இரண்டு நாள் ஆகும் என்று அவள் சொன்னாள். தேர்வு மூட அப்போது இருபது நிமிடம்தான் மீதி.

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். நீல மையில் கையால் எழுதிய நோட்டு. முக்கியமான வரிகளுக்குக் கீழே அடிக்கோல் வைத்து சிவப்பில் கோடு போட்டிருந்தாள். 12.25க்கு சார்ஜ் ஏறுகிற படம் திரையில் வந்தது. போன் ஆன் ஆகி, நெட் பிடித்து, ஆப் திறந்தபோது மணி 12.32. தேர்வு மூடியிருந்தது. "எல்லாம் படிச்சிட்டுதான்ணா வந்தேன்" என்றாள். அப்புறம் எவ்வளவு ஆச்சு என்று கேட்டாள்.

மறுநாள் சப் போர்டு மாற்ற வந்தபோது என்ன ஆயிற்று என்று விசாரித்தேன். பாடம் எடுக்கும் மேடம் நல்லபடியாகத்தான் பேசினாராம். "எனக்குப் புரியுதும்மா, ஆனா சிஸ்டம்ல க்ளோஸ் ஆயிடுச்சு, நான் மார்க் போட வழி இல்ல" என்றாராம். அந்த மேடத்தை நான் குறை சொல்லவில்லை. தன் வகுப்பு மாணவிக்குத் தானே மதிப்பெண் போட முடியாத இடத்தில் ஒரு பேராசிரியரை நிறுத்திவிட்டார்களே என்றுதான் எனக்கு வருத்தம்.

எந்தக் கல்லூரி என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒரு கல்லூரியை மட்டும் சொல்லி மற்றவர்களை விட்டுவிட முடியாது. வெவ்வேறு அடையாள அட்டைகளோடு இதே கதை என் கடைக்கு வருகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். தேர்வு நேரத்தில் போன் வேலை செய்யாத பிள்ளைக்கு, போன் இல்லாத பிள்ளைக்கு, அதே நேரத்தில் அதே கேள்விகளை எழுத ஒரு வெள்ளைத்தாள் கொடுங்கள். அதற்கும் அதே மதிப்பெண் போடுங்கள்.

போனை வைத்து நடத்தும் பாடம் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். போனை வைத்துத்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. போன செமஸ்டரில் என் மகளின் பேராசிரியர் ஒருவர் ஃபைபாக்ஸ் என்று ஒரு ஆப்பை வைத்துப் பாடம் நடத்தினார். ஜெர்மனியில் ஆகென் நகரத்துப் பல்கலைக்கழகம் உருவாக்கி இலவசமாகக் கொடுப்பது. போனுக்குள் ஏற்கெனவே இருக்கிற மைக், அசைவை அறியும் சென்சார் இவற்றையே ஆய்வுக்கூடக் கருவியாக மாற்றிவிடுகிறது. நீண்ட வராந்தாவில் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு போனை வைத்தார்கள். இந்தப் பக்கம் ஒருத்தி கை தட்டினாள், அந்தச் சத்தத்தில் இரண்டு போனிலும் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. அந்தப் பக்கம் இன்னொருத்தி தட்டினாள், இரண்டும் நின்றன. இரண்டு கடிகாரமும் காட்டிய நேரத்துக்குள் இருந்த சின்ன வித்தியாசத்தை வைத்து ஒலியின் வேகத்தைக் கணக்குப் போட்டார்கள். நொடிக்கு 350 மீட்டருக்குப் பக்கத்தில் வந்தது. நம் ஊர் வெயிலுக்கு அதுதான் சரியான விடை. அன்று ராத்திரி என் மகள் சாப்பிடும்போதுகூட அதையே பேசிக்கொண்டிருந்தாள். மொத்த வகுப்பும் அந்தச் சோதனையைச் செய்ததற்குத் தேவைப்பட்டது இரண்டே போன். அதில் ஒன்று நான் டிஸ்பிளே மாற்றிக் கொடுத்த பழைய போன்.

அந்த வகுப்பில் போன் இல்லாத பெண்ணும் இருந்தாள். கை தட்டியவளே அவள்தான். அவளுக்கு எந்தக் குறையும் நேரவில்லை. நான் கேட்கும் வித்தியாசம் இவ்வளவுதான். பாடம் நடத்த ஆப் வேண்டுமானால் தாராளமாக வையுங்கள். மதிப்பெண்ணையும் வருகையையும் போனின் உயிரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

பிள்ளைகள் கையில் இருப்பது எப்படிப்பட்ட போன் என்று ஒரு நாள் என் கடையில் வந்து உட்கார்ந்தால் தெரியும். 32 ஜிபி என்று அட்டையில் போட்டிருக்கும். அதில் பெரும் பகுதியை ஆண்ட்ராய்டும் கூடவே வந்த ஆப்களும் எடுத்துக்கொள்ளும். மீதியில் குடும்பப் புகைப்படம், கல்யாண வீடியோ, வாட்ஸ்அப் குரூப்பில் வந்து குவிந்ததெல்லாம். இதற்குள் வருகைக்கு ஒரு ஆப், பாடத்துக்கு ஒரு ஆப், தேர்வுக்கு ஒரு ஆப், கட்டணத்துக்கு ஒரு ஆப். ஒவ்வொன்றும் அப்டேட் கேட்கும். இடம் இல்லை என்று சொல்லிக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் அழிப்பது புகைப்படங்களைத்தான். போன மாதம் ஒரு பையன் இறந்துபோன தாத்தாவின் வீடியோவை அழிக்க மனமில்லாமல், நான் பென்டிரைவில் ஏற்றித் தரும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றான்.

தவணையில் வாங்கிய போன் இன்னொரு வகை. தவணை தவறினால் ஃபைனான்ஸ்காரர்கள் தூரத்தில் இருந்தே போனைப் பூட்டிவிடுவார்கள். திரையில் கட்ட வேண்டிய தொகை மட்டும் தெரியும். அவசர அழைப்பைத் தவிர வேறொன்றும் போகாது. அதைத் திறக்கச் சொல்லி என்னிடம் வருவார்கள். திறக்க முடியாது, திறக்கவும் கூடாது. தகப்பனுக்குச் சம்பளம் நாலு நாள் தள்ளிப் போனால் மகனுக்கு நாலு நாள் வருகை போய்விடுகிறது. வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பையன் அவன். பாடம் நடத்துகிறவர் கண் முன்னால் இருக்கிறான். 75 சதவீத வருகை இல்லையென்றால் செமஸ்டர் எழுத விட மாட்டோம் என்பவர்கள், வகுப்பில் இருந்தவனை இல்லை என்று ஒரு பூட்டிய போன் சொல்வதை எப்படி ஒப்புக்கொள்கிறார்கள்?

ரீசார்ஜ் செலவையும் சொல்ல வேண்டும். 2024 ஜூலையில் கைப்பேசி நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றியபோது, தினம் ஒன்றரை ஜிபி கொடுக்கும் ஜியோவின் 239 ரூபாய் பிளான் 299 ஆனது. அது மாதத்துக்கு இல்லை, 28 நாளுக்கு. அப்படியென்றால் வருடத்துக்கு 13 முறை. 3,887 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5ஆம் தேதி இதே வடசென்னையில்தான் தொடங்கி வைத்தார்கள். அந்த ஆயிரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்போது நெட்டுக்கே போகிறது. படிப்புக்கு என்று கொடுத்த பணம் அது. கொரோனா காலத்தில், 2021 ஜனவரியில், கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா கார்டை அரசு இலவசமாக அறிவித்தது. ஏப்ரல் வரைக்கும்தான். ஆன்லைனில் பாடம் என்றால் நெட்டும் நாம்தான் தர வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கோ தோன்றியிருக்கிறது. அந்த நினைப்பு ஏன் நான்கே மாதத்தில் நின்றுபோனது?

போன் கல்லூரிக்குள் இருக்கிறதா என்று ஜிபிஎஸ் வைத்துப் பார்த்து வருகை போடும் முறையைப் பற்றியும் தொழில் தெரிந்தவனாக ஒன்று சொல்கிறேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 20,000 கிலோமீட்டருக்கும் மேலே சுற்றுகிறது. அங்கிருந்து வரும் சிக்னல் மைதானத்தில் நன்றாகக் கிடைக்கும். மூன்று மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், கான்கிரீட்டுக்குக் கீழே, தடுமாறும். அப்போது போன், பக்கத்து டவரையும் வைஃபையையும் வைத்து இடத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை சாலைக்கு எதிர்ப்பக்கம் இருப்பதாகக் காட்டும். விலை குறைந்த போனில் இது அதிகம். இடத்தைப் பொய்யாகக் காட்டும் ஆப்பைப் போட்டுத் தரச் சொல்லி மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். நான் போட்டுத் தருவதில்லை. போட்டுத் தருகிற இடங்கள் இருக்கின்றன. ஏமாற்றத் துணிந்தவன் வீட்டில் படுத்துக்கொண்டே வருகை வாங்கிவிடுகிறான். முதல் பெஞ்சில் இருப்பவளுக்கு வருகை விழவில்லை.

அதோடு, ஒரு ஆப்பைப் போடும்போது அது என்னவெல்லாம் கேட்கிறது என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? தொடர்பு எண்கள், கேலரி, கேமரா, எந்த நேரமும் இடம். பத்தொன்பது வயதுப் பெண் ஞாயிற்றுக்கிழமை எங்கே இருக்கிறாள் என்பது ஒரு கம்பெனிக்கு எதற்கு? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி சொல்லிவிட்டது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்குச் சட்டமே வந்துவிட்டது. என் மகள் போனில் கல்லூரி ஆப் போட்ட அன்று தேவையில்லாத அனுமதிகளை ஒவ்வொன்றாக நான் நிறுத்தி வைத்தேன். மறுநாள் ஆப் திறக்கவே இல்லை. எல்லா அனுமதியும் கொடுத்தால்தான் வருகை போடுவேன் என்றது. கொடுத்தேன். ஒரு தகப்பனாக அன்று என் கை கூசியது.

கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் ஒரு தீர்ப்புச் சொன்னது. கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 வரை பெண்கள் போன் வைத்திருக்கக் கூடாது என்று விதி. அதை ஏற்காத மாணவியை விடுதியிலிருந்து நீக்கினார்கள். அவர் வழக்குப் போட்டார். இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று சொல்லி நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. உரிமை என்றால் அது மாணவியின் கையில் இருக்க வேண்டியது. வேண்டும்போது அவள் எடுத்துக்கொள்ளலாம். மீன் விற்கிற அம்மாவின் போனைப் பிடுங்கிக்கொண்டு வந்தால்தான் மதிப்பெண் என்றால் அதை உரிமை என்று எப்படிச் சொல்ல முடியும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் பல தெருக்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து வீட்டுக்குள் நின்றது. அந்த வாரம் என் கடைக்கு ரிப்பேருக்கு யாரும் வரவில்லை, இன்வெர்ட்டரில் சார்ஜ் போடத்தான் வந்தார்கள். மேஜை முழுக்க போன்கள், தரையெல்லாம் ஒயர். நீங்கள் பாடம் நடத்தும் பிள்ளைகள் எந்த ஊரில் இருந்து வருகிறார்கள் என்பதை ஆப்பை வாங்கும்போது கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன்.

போன் ஓடாத பிள்ளைக்குத் தேர்வு நேரத்தில் ஒரு வெள்ளைத்தாள் கொடுங்கள். மொத்தம் 25 இன்டர்னல் மதிப்பெண்ணில் ஐந்தோ பத்தோ போனாலும் அந்தப் பிள்ளைக்கு அது பெரிது. வருகையைப் பேராசிரியர் கண்ணால் பார்த்துப் பேரேட்டில் எழுதினால் அதையே இறுதி என்று வையுங்கள். ஆப் சொல்வதும் பேரேடு சொல்வதும் வேறாக இருந்தால் பேரேட்டை நம்புங்கள். ஆப்பை மாற்றும் எண்ணம் இருந்தால், நெட் இல்லாமலும் வேலை செய்யும் ஒன்றைப் பாருங்கள். மூடுல் என்று பாடமும் தேர்வும் நடத்தும் மென்பொருள் ஒன்று 2002 முதல் இருக்கிறது, இலவசம். கல்லூரியில் இறக்கி வைத்த பாடத்தை அதன் ஆப்பில் வீட்டில் நெட் இல்லாமல் படிக்கலாம். நேரக் கட்டுப்பாடு வைக்காத சின்னத் தேர்வுகளை நெட் இல்லாமலே எழுதிவிட்டுப் பிறகு அனுப்பவும் ஆசிரியர் அனுமதிக்கலாம். பாடத்தை ஒரு மணி நேர வீடியோவாக அனுப்புவதற்குப் பதில் பத்து நிமிடக் குரல் பதிவாக அனுப்பினால் ஒன்றிரண்டு எம்பியில் முடிந்துவிடும், அம்மா வேலை முடிந்து வந்த பிறகு அந்த ஒரே போனில் பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள். இதெல்லாம் உடனே முடியாது என்றாலும் பரவாயில்லை. தாள் கொடுப்பதற்கு எந்தக் கம்பெனியின் அனுமதியும் வேண்டாம்.

இன்டர்னல் நடக்கும் நாட்களில் காலை 8 மணிக்கே கடையைத் திறந்துவிடுகிறேன். கல்லூரி அட்டை காட்டும் பிள்ளைகளுக்கு சார்ஜிங் பின் சுத்தம் செய்யக் காசு வாங்க மாட்டேன். என்னால் ஆனது அது.

அந்தப் பெண்ணுக்கு அந்த அரை மணி நேரத் தேர்வைத் தாளில் எழுத ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று அவளுடைய கல்லூரியைத் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். வியாழக்கிழமை 12 மணிக்கு யார் எழுதவில்லை என்று உங்கள் சிஸ்டத்தில் இருக்கும். அடுத்த இன்டர்னல் தொடங்குவதற்குள் செய்து தாருங்கள்.

நன்றியுடன்,
செல்போன் சர்வீஸ் கடைக்காரன், ஒரு கல்லூரி மாணவியின் தகப்பன்,
வடசென்னை